‘இதுவரை’ என்று ஏன் பெயர் வைத்தீர்கள்

அன்பு மகள் நிரோஷினிக்கு,

அப்பா எழுதுகிறேன். மாரியம்மன் காவலில் நானும் அம்மாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், நீயும் அங்கே மெல்பனில் சுகம்தானே என்று அடுத்த வரியை எழுதப் போனேன், கை ஓடவில்லை மகள். இங்கே மழை இன்னும் விடவில்லை, மேல் லயத்து வீடுகளுக்குப் பின்னால் மண் இறங்கியதில் பெரியாயி குடும்பத்தைக் கோயில் மண்டபத்தில் தங்க வைத்திருக்கிறார்கள். நம் லயம் தள்ளி இருப்பதால் ஆபத்தில்லை என்று வந்து பார்த்தவர்கள் சொன்னார்கள், ஆனாலும் மழை வலுத்தால் அம்மா அடையாள அட்டைகளைப் பைக்குள் போட்டுக் கதவோரம் வைத்துவிடுகிறாள். அதை நினைத்து நீ பயப்படாதே, எங்களுக்கு இப்போது உன் நினைப்புதான் பெரிதாக இருக்கிறது.

போன மாதம் பதுளைக்கு மாத்திரை வாங்கப் போனபோது, உன்னோடு படித்த ஷிபான், பஸாரில் போன் கடை வைத்திருக்கிறானே அவன், கூப்பிட்டு உட்கார வைத்தான். "அங்கிள், நம்ம நிரோ பேண்டோட புது ஆல்பம் ‘இதுவரை’ பாத்தீங்களா, இவ்வளவு வருஷத்துப் பாட்டுல நல்லதா பொறுக்கி ஒண்ணாப் போட்டிருக்காங்க" என்று காட்டினான். அம்மா கொழுந்தெடுக்கப் போகும்போது இடுப்பில் கட்டும் படங்கின் பெயரையே பேண்டுக்கு வைத்துவிட்டீர்கள் என்று அவள் அன்றைக்குச் சிரித்தாளே, அந்தப் ‘படங்கு’ என்ற எழுத்தைப் பெரிய படத்தோடு பார்த்ததும் எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. என் போனிலும் ஏற்றித் தரச் சொன்னேன். எழும்பி வரும்போது, "ஆனா அங்கிள், பழசெல்லாம் சேத்து இப்பிடிப் போட்டா பேண்ட் கலையப் போகுதுன்னுதான் பேசிக்குவாங்க" என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான், எனக்குத்தான் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்தப் பெயர் உறுத்திக்கொண்டே வந்தது. இதுவரை என்றால் இதற்குப் பிறகு என்ன மகள்? போன் எடுத்துக் கேட்டேன், "அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா" என்று சிரித்தாய். ஆனால் அந்தப் பேச்சுக்குள் எத்தனை தரம் "என்னப்பா, என்ன சொன்னீங்க" என்றாய், எத்தனை தரம் போனைக் காது மாற்றும் சத்தம் கேட்டது. முதலில் மழைக்கு டவர் வேலை செய்யவில்லை என்று திட்டினேன், போனை வைத்த பிறகுதான் எனக்கு என் காது ஞாபகம் வந்தது. தேயிலை ஸ்டோரில் கொழுந்து அரைக்கும் ரோலர் மெஷின் பக்கத்திலேயே நின்று இடது காதைத் தொலைத்தவன் நான், காது போகிறது என்று தெரியாமல் அம்மாதான் மெதுவாகப் பேசுகிறாள் என்று எவ்வளவு காலம் சண்டை பிடித்தேன் என்பது உனக்கும் தெரியும்.

மனம் கேட்காமல் அடுத்த ஞாயிறு பண்டாரவளைக்குப் போனேன். உங்கள் பேண்டில் டிரம்ஸ் அடிக்கும் ஸரூக்கின் வாப்பா ஜௌபர் அங்கே புடவைக்கடை வைத்திருக்கிறார் என்று நீ சொன்னது ஞாபகம் இருந்தது, விசாரித்துக் கண்டுபிடித்தேன். நல்ல மனிதர், நான் தொப்பலாக நனைந்து நின்றதைப் பார்த்துவிட்டுப் உடுத்திக்கொள்ளப் புதுச் சாரம் ஒன்றை எடுத்துக் கொடுத்து, தேத்தண்ணி வரவழைத்து, அங்கிருந்தே மகனை வீடியோவில் கூப்பிட்டார். ஸரூக் முதலில், "நிரோ நல்லா இருக்கா அங்கிள், கொஞ்சம் களைப்பு, அவ்வளவுதான்" என்றான். ஜௌபர் போனை வாங்கி, "மகன், இந்த மனுசன் மழையில நனஞ்சு வந்து நிக்கிறாரு, அவர்ட மொகத்தப் பாத்து உண்மையச் சொல்லு" என்றார். அதன் பிறகுதான் அந்தப் பிள்ளை எல்லாவற்றையும் சொன்னான். உன் வலது காது அநேகமாகப் போய்விட்டதாம், மற்றதிலும் இரைச்சலாம், இனி மேடையே ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். உன் இடத்தில் வேறொருவரை வைக்க மனமில்லாமல் நால்வரும் நிறுத்துவது என்று முடிவெடுத்து, அதற்காகத்தான் இந்த ஆல்பத்தைப் போட்டீர்களாம். "ஊர்ல மண்சரிவு, அதுல அவங்களுக்கு இதுவும் வேணுமான்னு நிரோதான் கேட்டா அங்கிள், அதான் நான் சொல்லல" என்றான். வேணும் மகள், எங்களுக்கு இதுவும் வேணும். நீ தனியாக வைத்துக்கொண்டு அழுவதற்கு நாங்கள் எதற்கு இருக்கிறோம்? ஸரூக்கைக் கோபிக்காதே, அவனை நான்தான் பேச வைத்தேன். போனில் சொன்னால் பாதியைக் கேட்காமலே ஆமாம் போடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். அடுத்த முறை டாக்டரிடம் தனியே போகாதே, நான் அப்படித் தனியாகப் போய் அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, வெளியே வந்து ஒன்றுமே விளங்காமல் வாசலில் நின்றவன். கூட வர ஸரூக் ஒப்புக்கொண்டிருக்கிறான். காதுக்கு மெஷின் வைக்கச் சொன்னால் வை, யார் பார்த்தால் என்ன. சாப்பாட்டை விடாதே, ஹெட்போன் போடாதே.

அன்று பின்னேரம் அம்மாவிடம் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை, அந்தப் பாட்டுகளைப் போடுங்கள் என்றாள். தலைவலிக்கிற சத்தம் என்று எழுந்து போகிறவள், முதல்முறையாக முழுதும் உட்கார்ந்து கேட்டாள். "இதுல நம்ம புள்ள எது?" என்று கேட்டாள். நீ வாசிக்கும் பேஸ் கிடாரை எப்படிச் சொல்லிக் காட்டுவது, எல்லாச் சத்தத்துக்கும் அடியில் அல்லவா கிடக்கிறது. நம் ஸ்பீக்கர் பெட்டி மேல் அவள் கையை எடுத்து வைத்து, இந்த அதிர்வுதான் என்றேன். பாட்டு மாறி மாறிப் போக அவள் கையை எடுக்கவேயில்லை. கடைசிப் பாட்டு மட்டும் நீ வாசிக்காததாம், ஸரூக் சொன்னான், அது வந்ததும் பெட்டி அடங்கிவிட்டது, அம்மா கையை வைத்தபடியே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நின்னுபோச்சே" என்றாள். நான் முதல் பாட்டைத் திரும்பப் போட்டேன் நிரோ.

டாக்டர் சரி என்றால் தைப்பொங்கலுக்கு வந்துவிட்டுப் போ. பதுளை ஸ்டேஷனுக்கு நான் வந்து நிற்பேன். முருகன் துணையாக உன் மனமும் உடம்பும் தேறி, நீ நினைப்பதெல்லாம் கைகூட வேண்டும். ஸரூக் இல்லாமல் டாக்டரிடம் போகாதே, மறக்காதே. அம்மா தன் கையால் ஒரு வரி எழுத வேண்டும் என்கிறாள், கீழே இடம் விடுகிறேன்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா,
சி. முத்துவேல்

நிரோ நீ வா. நான் ஒன் மொகத்தப் பாத்தே பேசுறேன். அம்மா.