காட்டேரிகளை நம்பிய மச்சானுக்கு

மச்சான்,

உன் மகள் நேற்றுப் பின்னேரம் ஒரு உரப்பை நிறையப் புத்தகம் கொண்டுவந்து என் விறாந்தையில் இறக்கிவிட்டுப் போனாள். பையின் வாய்க்கட்டை அவிழ்த்ததும் நீ முழங்காலுக்குப் பூசுகிற தைலத்தின் மணம் முகத்தில் அடித்தது. உன்னை எரித்து முப்பத்தைந்து நாளாகிறது, இன்னும் மணக்கிறாய். உள்ளே முழுவதும் உன்னுடைய இரத்தக்காட்டேரிகள். கறுப்பு மட்டை, சிவப்பு எழுத்து, மட்டைக்கு மட்டை வாயோரம் இரத்தம் வடிய ஒரு வெளிறல் முகம். பாதி உன் தங்கச்சி கனடாவிலிருந்து அனுப்பிய ஆங்கிலப் புத்தகங்கள், மீதி தமிழ் மொழிபெயர்ப்புகள். எழுபது வயதில் இவற்றை மடியில் வைத்து வாசித்த தபால் கந்தோர்க்காரன் வன்னிப் பெருநிலத்தில் நீ ஒருவன்தான். ஆனையிறவுக்கு அங்காலும் இருந்திருக்க மாட்டான்.

"வாசிக்கிறதுக்கு உங்களை விட்டால் வேறை ஆர் மாமா இருக்கினம்?" என்றாள் உன் மகள். இந்தக் குப்பையைக் கையால் தொடமாட்டேன் என்று எத்தனை வருடம் உன்னோடு சண்டை பிடித்தவன் நான் என்பதை அவளுக்குச் சொல்லவில்லை.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆனால் எங்கள் வாசிகசாலையில் தன்வரலாறு என்று இருந்த அலுமாரியை மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டு வரை இரண்டு முறை வாசித்து முடித்தவன். முந்நூறு புத்தகம். நீ இருந்தால் முப்பது என்பாய், அதிலும் பாதிக்குப் பின்மட்டை மட்டும் என்பாய். சொல்லிக்கொள். செத்தவனுக்கு மறுத்துப் பேச நேரம் ஏது?

தன்வரலாறுதான் புத்தகம் என்பது அன்றும் என் கட்சி, இன்றும் என் கட்சி. ஒரு மனிதன் எதிர்க் கதிரையில் இருந்து, தான் பிறந்தது, பசித்தது, அடிவாங்கியது, பிறகு பெரிய ஆளாக வந்தது எல்லாவற்றையும் எனக்கு மட்டும் சொல்வது போல இருக்கும். காட்டேரிக் கதையில் என்ன இருக்கிறது? பகலெல்லாம் சவப்பெட்டியில் படுத்துக் கிடக்கிறவன், பொழுதுபட்டதும் எழும்பி அழகான பெண்ணின் கழுத்தைத் தேடுகிறான். நம் ஊரில் அப்படிக் குடித்துவிட்டு எழும்புகிற ஆட்கள் எத்தனை பேர், அவர்களைப் பற்றி ஆர் புத்தகம் போட்டது?

வாசிகசாலைக்கு முன்னால் இருக்கும் தேநீர்க் கடையில், ஆட்கள் கேட்கத்தக்கதாகத்தான் நான் உன்னைக் கிழிப்பேன். பரந்தன் சந்தியில் காலை பத்து மணிக்கு உன் காட்டேரியை நிற்பாட்டிப் பார், கருவாடாகிப் போவான் என்பேன். குசினிக்குக் குசினி உள்ளிப்பூண்டு கிடக்கிற ஊரில் எந்த வாசலால் உள்ளே வருவான் என்பேன். பிளேன்ரீயை வாயில் வைத்திருந்த ஆட்களுக்குப் புரைக்கேறும். நீ கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, நுளம்பு குடித்த மிச்சம்தான் இங்கே காட்டேரிக்குக் கிடைக்கும், அதனால்தான் பாவம் அது வெளிநாட்டிலேயே இருக்கிறது என்பாய். அதோடு விடமாட்டாய்.

"உன்ர தன்வரலாறு முழுக்க ஆக்கள் பிறந்த அண்டைக்கு மழை பெய்யுது. வகுப்பிலை எல்லாரும் முதலாம் பிள்ளை. அப்ப இரண்டாம் பிள்ளையா வந்தவன் ஆரடா? அவன் ஏன் இன்னும் எழுதேல்லை?"

கடை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். உள்ளுக்குள் உன் பல்லைக் கழற்றிக் கையில் தரவேண்டும் போல இருந்தது. பிறகு குரலைத் தாழ்த்தி எனக்கு மட்டும் சொன்னாய், காட்டேரியில் உனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று என்று. அவன் குடித்ததை ஒத்துக்கொள்கிறான்.

நீ இதை ஏன் எனக்குச் சொன்னாய் என்பது எனக்கு அப்போதே விளங்கியது. விளங்காத மாதிரி இன்னொரு பிளேன்ரீ சொன்னேன்.

என் தொழிலை நீ மதிக்கவே இல்லை. உழவு இயந்திரம் ஓட்டியதைச் சொல்லவில்லை, கல்வெட்டு எழுதியதைச் சொல்கிறேன். ஒருவர் போனால் முப்பத்தோராம் நாள் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு ஒரு சின்னப் புத்தகம் கொடுக்க வேண்டும். முன்னால் படம், நடுவில் தேவாரம், அதற்குப் பிறகு இறந்தவரின் வாழ்க்கை வரலாறு. பளையிலிருந்து வவுனியா வரை அந்த வரலாற்றை எழுத என்னிடம்தான் வருவார்கள். மனைவியை அடித்தவனை நான் கண்டிப்பு மிக்க குடும்பத் தலைவர் ஆக்கியிருக்கிறேன். கோவிலில் சண்டை பிடித்துத் தேரை நிற்பாட்டியவனை ஆலயத் தொண்டர் ஆக்கியிருக்கிறேன். என் கையால் போனவர்கள் எல்லாரும் நல்லவர்களாகத்தான் போனார்கள். கண்ணாடியில் காட்டேரியின் முகம் தெரியாது, உன் கல்வெட்டில் செத்தவனின் முகம் தெரியாது என்று நீ சொன்னது ஊர் முழுக்கப் பரவியது. அந்த மாதம் இரண்டு வீட்டுக்காரர் வேறு ஆளிடம் போனார்கள். அதற்கு உன்னை நான் மன்னிக்கவில்லை.

பிறகு நானே என் தன்வரலாற்றை எழுதி அச்சடித்தேன். கிளிநொச்சியில் ஒரு மண்டபம் பிடித்து வெளியீடு வைத்தேன். ஐந்நூறு பேர் வந்தார்கள். சரி, நாற்பது. அதில் வடைக்கு வந்தவர்களையும் சேர்த்துத்தான். ஒரு பெரியவர் முதற்பிரதி வாங்கினார், நயவுரைக்கு உன்னைக் கூப்பிட்டேன். உன்னை ஏன் கூப்பிட்டேன் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். நாற்பது பேருக்கு முன்னால் நீ வாய் திறக்கமாட்டாய் என்று நம்பினேன் போல.

நீ அரை மணித்தியாலம் காட்டேரிகளைப் பற்றியே பேசினாய். சனம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. கடைசியில் என் புத்தகத்தைக் கையில் தூக்கினாய்.

"அந்தக் கதையளிலை ஒரு சட்டம் இருக்கு. வீட்டுக்காரர் உள்ளை வாங்கோ எண்டு சொல்லாமல் காட்டேரியாலை படி தாண்டேலாது. இந்தப் புத்தகத்திலை என்ர அம்மா வாறா. நான் ஆரையும் உள்ளை கூப்பிட்ட ஞாபகம் இல்லை."

சனம் கைதட்டியது. நண்பனை நண்பன் பகிடி பண்ணுகிறான் என்று நினைத்தார்கள். நானும் எழும்பி நின்று கைதட்டினேன்.

என் புத்தகத்தின் ஏழாம் அத்தியாயத்தில் உன் அம்மா வருகிறார். சண்டைக்குப் பயந்து ஊரே இடம்பெயர்ந்த நாளில், கொட்டும் மழையில், நான் அவரை உழவு இயந்திரத்தில் ஏற்றி, என் மழைக்கோட்டைக் கழற்றிப் போர்த்தி, தருமபுரம் வரை கொண்டுபோய்ச் சேர்த்தேன் என்று இருக்கிறது. அவர் என் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார் என்றும் இருக்கிறது. இந்தக் கதையை நான் முதலில் சொன்னது வவுனியா முகாமில், தண்ணீர் வரிசையில், உன் அம்மாவைப் பற்றி விசாரித்த ஒரு மனிசிக்கு. வாய் தவறி வந்தது. அடுத்த ஆளுக்குச் சொன்னபோது மழை சேர்ந்தது. அதற்கு அடுத்த ஆளுக்கு மழைக்கோட்டு. புத்தகத்துக்கு வந்தபோது ஆசீர்வாதம்.

நடந்தது உனக்குத் தெரியும். முந்தைய முறை ஓடிப்போய்த் திரும்பியபோது ஒருவர் வீட்டிலும் கூரை இருக்கவில்லை. அதனால் இந்த முறை கூரையையே கழற்றிக்கொண்டு போவது என்று எல்லாரும் முடிவெடுத்தோம். நானும் என் வீட்டுக் கூரை ஓடுகளை எல்லாம் இறக்கி, வைக்கோல் வைத்து, இயந்திரப் பெட்டியில் விளிம்பு முட்ட அடுக்கினேன். முதல் நாள் நீ வந்து கேட்டாய். உன் மனைவியும் மகளும் வவுனியாவில் நின்றார்கள், உன்னிடம் இருந்தது ஒரு சைக்கிள் மட்டும், அம்மாவுக்கு மூச்சு இளைப்பு. ஏற்றிப் போகிறேன் என்று சொன்னேன். காலையில் நீ கந்தோர்ச் சாவியை ஒப்படைக்கப் போன நேரம் நான் இயந்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

நீ வந்து சைக்கிள் கரியரில் அவரை இருத்தி, பின்னேரம் பிடித்த மழையில் இரண்டு நாள் உருட்டிப் போனாய். தருமபுரத்தில் ஒரு தறப்பாளுக்குக் கீழே நாலாம் நாள் இளைப்பு கூடி அவர் முடிந்துபோனார். முகாமில் என்னைக் கண்டபோது ஒரு சொல்தான் கேட்டாய், "ஏன்டா?" செல் குண்டு விழத் தொடங்கிவிட்டது, நிற்க முடியாமல் போய்விட்டது என்றேன். அன்று காலை கோழி கொத்துகிற சத்தம் கேட்கும் அளவுக்கு ஊர் அமைதியாக இருந்தது. அதுவும் உனக்குத் தெரியும். நீ என்னிடம் ஒரு பீடி வாங்கிப் பற்றவைத்தாய். அதற்குப் பிறகு இவ்வளவு காலமும் என்னோடு இருந்து பிளேன்ரீ குடித்தாய். உன்னைப் போலக் கொடுமைக்காரனை நான் எந்தப் புத்தகத்திலும் வாசிக்கவில்லை.

வவுனியா ஆஸ்பத்திரியில் நீ காய்ந்த முருங்கைக்காய் போலக் கிடந்தாய். படத்துக்கு நல்ல முகம் இருக்கும்போதே செத்திருக்கலாமே என்று உன்னிடமே சொன்னேன். நீ சிரிக்கப் பார்த்தாய், இருமல் வந்தது.

"கல்வெட்டு நீதான் எழுதுவாய், வேறை ஆர்" என்றாய். "என்னைப் பற்றி என்ன பொய்யெண்டாலும் எழுது. அம்மாவை மட்டும் நடந்தபடி எழுது."

"எழுதாட்டி? காட்டேரியா வந்து வாசிப்பியோ?"

"வந்தால் முதல் கடி உனக்குத்தான்."

எழுதினேன் மச்சான். உன்னைப் பற்றிய நாலு பக்கத்தை ஒரு மணித்தியாலத்தில் முடித்தேன். உன்னைத் தபால்துறைக்கே தூண் ஆக்கினேன், வாசிகசாலைக்கு வராத பத்திரிகையை எல்லாம் வரவழைத்தவன் ஆக்கினேன். அம்மாவைப் பற்றிய நாலு வரிக்கு மூன்று நாள் எடுத்தது. ஏற்றிப் போவதாக வாக்குக் கொடுத்த நண்பர் அவரை விட்டுவிட்டுத் தன் வீட்டு ஓடுகளை ஏற்றிச் சென்றார் என்று எழுதினேன். அந்த நண்பன் நானே என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தேன். என் வாழ்நாளில் அலங்காரம் இல்லாமல் எழுதிய நாலு வரி அவைதான்.

உன் மகள் கதிரையில் இருந்து அதை இரண்டு முறை வாசித்தாள். நான் எதிரே நின்றேன். அடிப்பாள், அல்லது அழுவாள், அல்லது வெளியே போகச் சொல்லுவாள் என்று நினைத்தேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

"மாமா, அப்பா போனது உங்களுக்குத் தாங்கேலாமல் கிடக்கு. அதுக்கு உங்களை நீங்களே இப்பிடிக் குறைச்சு எழுதலாமோ?"

உண்மை பிள்ளை, இப்படித்தான் நடந்தது என்றேன்.

"உங்கட புத்தகத்தை நான் நாலு தரம் வாசிச்சனான். அப்பம்மாவை நீங்கள் மழைக்கோட்டாலை போர்த்தினதை வாசிச்சு அழுதனான். அப்பாவும் ஒருநாளும் இல்லையெண்டு சொல்லேல்லை."

இன்னொரு முறை சொன்னேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டு, எனக்குத் தேத்தண்ணி போட எழும்பிவிட்டாள். ஊருக்கெல்லாம் கதை கட்டியவன் ஒரே ஒரு முறை கட்டாமல் சொன்னதை, துக்கத்தில் உளறுகிறான் என்று எடுத்துக்கொண்டாள். மூன்றாம் முறை நான் சொல்லவில்லை. உனக்கு ஒளிக்க என்ன இருக்கிறது, அவள் குசினிக்குள் போனதும் எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது.

அந்த நாலு வரியை அவளே வெட்டிவிட்டு, என் ஏழாம் அத்தியாயத்திலிருந்து ஒன்றரைப் பக்கத்தை அச்சகத்துக்குக் கொடுத்துவிட்டாள். உன் படத்துக்குக் கீழே, உன் கல்வெட்டில், உன் அம்மா என் இயந்திரத்தில் ஏறிப் போகிறார். முப்பத்தோராம் நாள் சாப்பிட்டுக் கை கழுவிய ஆட்கள் எல்லாரும் ஒவ்வொன்று கொண்டுபோனார்கள். பளையிலிருந்து வந்த உன் சொந்தக்காரி ஒருத்தி அதை வாசித்துவிட்டு என் இரண்டு கையையும் பிடித்து, உங்களைப் போல ஆட்கள் இப்போது எங்கே என்றாள். ஏதோ என்னால் ஏலுமானதைச் செய்தேன் என்று சொன்னேன். நல்ல பணிவாகத்தான் சொன்னேன்.

நீ கடிக்க வருவதென்றால் வா. ஆனால் வருவதற்கு முதல் ஒன்றைக் கேள். ஆஸ்பத்திரியில் உனக்குச் சொல்ல வந்து பகிடி பண்ணிவிட்டுப் போனது இது.

அம்மா வெளியே வர முந்தி நான் போய்விட்டேன் என்றுதான் நீ கடைசி வரை நினைத்திருந்தாய். அவர் வாசலுக்கு வந்தார், உனக்குத்தான் அதைச் சொல்லாமல் போய்விட்டார். தோளில் ஒரு சின்னப் பை மட்டும். பெட்டியைப் பார்த்தார், இடமில்லை என்று அவருக்கே தெரிந்தது. சில்லுக்கு மேல் இருந்த தகரத்தில் கை வைத்தார்.

"தம்பி, நான் ஓட்டுக்கு மேலை இருந்து வாறன். நான் பாரமில்லை."

"அம்மா, ஓடு உடையும்" என்றேன்.

அவர் கையை எடுத்து, சில்லு ஏறாமல் இரண்டடி பின்னுக்குப் போய் வழி விட்டார்.

விசுவமடுவில் ஓடுகளை இறக்கி அடுக்கினேன். ஒன்றுகூட உடையவில்லை. பத்து நாளில் அத்தனையையும் அங்கேயே விட்டுவிட்டு அடுத்த இடத்துக்கு ஓடினேன். என்னோடு மிஞ்சி வந்தது நான் அவருக்குச் சொன்ன அந்தச் சொல் மட்டும்தான். இத்தனை காலத்தில் அதற்கு மட்டும் நான் ஒன்றும் கூட்டவில்லை மச்சான்.