ஹோல்ம்பர்க் என்ற பெயரில்

மார்ச் 3, 2009

மழை. கட்டடத்தில் எல்லோருக்கும் ஒரே மின்னஞ்சல்: "லினக்ஸ் தெரிந்தவர்கள் வெள்ளிக்கிழமை நாலாவது மாடிக்கு வரவும். பீட்சா உண்டு." சில வருடம் முன்பு இதே கம்பெனி மேடையில், எங்கள் மென்பொருளுக்குப் போட்டியான இலவச லினக்ஸைத் தொற்றுநோய் என்றார்கள், நாங்களும் கை தட்டினோம். இப்போது என்ன திடீர்ப் பாசம்? யார் யார் என்று தெரிந்துகொண்டு கழுத்தைப் பிடித்துத் தள்ளத்தான்.

லினக்ஸில் ஹார்ட் டிஸ்க்கோடு பேசும் பகுதியை ஆறு வருடமாக, கம்பெனிக்குத் தெரியாமல், வீட்டிலிருந்து பார்த்துக்கொள்பவன் நான். அங்கே என் பெயர் ஹோல்ம்பர்க், மனைவி டெல்லாவின் பிறந்த வீட்டுப் பெயர். தெரிந்தால் வேலை போகும். டெல்லாவுக்கு ஏழாம் மாதம். பிரசவத்துக்கான இன்சூரன்ஸ் இந்த வேலையோடுதான்.

மார்ச் 5

டெல்லா கத்துகிறாள். "போய்ச் சொல்லித் தொலையேன் வெண்டல். தினம் தினம் செத்துப் பிழைக்கிறே!"

"உன் வயித்தப் பாத்துட்டுப் பேசு."

"என் பேருக்குப் பின்னாடி ஒளிஞ்சிக்கிட்டு எனக்கே புத்தி சொல்ல வந்துட்டான்!"

மார்ச் 6

போகவில்லை. ஆபீசில் பக்கத்து அறை கர்ட்டிஸ் போனான். பைத்தியக்காரன்.

மார்ச் 9

கர்ட்டிஸின் அறை காலி. சுவரில் படம்கூட இல்லை. நான் நினைக்கவில்லையா?

மார்ச் 10

தூக்கவில்லையாம்! மேலே புது டீமில் போட்டிருக்கிறார்கள். கார் நிறுத்துமிடத்தில் குதிக்கிறான். "நம்ம கோடிங்கையே லினக்ஸுக்கு இனாமாவே குடுக்கப் போறோம்யா!"

இனாமாகவா? இவர்களா?

ஏப்ரல் 14

வீட்டு மின்னஞ்சலில், என் பகுதியில் சேர்க்கச் சொல்லிக் கர்ட்டிஸின் நிரல். "மதிப்பிற்குரிய ஹோல்ம்பர்க் அவர்களுக்கு." என்னை 'யோவ்' என்றே கூப்பிடுபவன்! எல்லோரும் பார்க்கும் இடத்தில் போடாமல் எனக்கு மட்டும் அனுப்பியிருக்கிறான் — எதற்கு ரகசியம்? வரிவரியாகத் துருவினேன். சூது எதுவும் இல்லை, சோம்பேறித்தனம்தான். கம்ப்யூட்டரிடம் எடுத்த மெமரியை வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுக்கவில்லை. 'சரியில்லை' என்று மட்டும் எழுதி நிராகரித்தேன்.

ஏப்ரல் 23

சாப்பாட்டு மேஜையில் கர்ட்டிஸ் புலம்பல். "ஹோல்ம்பர்க்னு ஒருத்தன்யா, திரும்பத் திரும்ப வேணாம்கிறான். இந்த மாசம் அவன் ஒத்துக்கலன்னா டீமையே கலைச்சிருவாங்களாம்."

பாவமாக இருந்தது. என் வாய் சும்மா இருந்ததா? "கடைசில அந்த மெமரியத் திருப்பிக் குடுய்யா, முடிஞ்சுது" என்றுவிட்டேன்.

அவன் அந்த நிரலை என்னிடம் காட்டியதே இல்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தான்.

ஏப்ரல் 24

மேலே கூப்பிட்டார்கள். சாமான் அள்ள அட்டைப்பெட்டியோடு போனேன். கர்ட்டிஸின் மேலாளர் பிரிசில்லா விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "ஹோல்ம்பர்க்க வேலைக்கு எடுக்கணும்னு ஊரெல்லாம் தேடறோம். நீ கீழ் மாடியிலயே உக்காந்திருக்கே!" இனி இதுவே என் வேலை, சொந்தப் பெயரில். காரில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

மே 12

நான்தான் ஹோல்ம்பர்க் என்று லினக்ஸ்காரர்கள் எல்லோருக்கும் எழுதிவிட்டு, கம்பெனி முகவரியிலிருந்து முதல் நிரலை அனுப்பினேன். சின்னத் திருத்தம்தான்.

பிரேசிலிலிருக்கும் ஜோவெனல்தான் என் நிரல்களை வாங்கி லினக்ஸில் சேர்ப்பவர். இத்தனை வருடமும் அவர் பதில் ஒரே சொல்: "சரி." இன்று ஒரு பக்கத்துக்குக் கேள்விகள். கடைசியாக, "வெண்டல், இதை எழுதச் சொன்னது யார்?"

'யாரும் சொல்லவில்லை, நானேதான்' என்று அடித்தேன். படித்துப் பார்த்தால் எனக்கே நம்பிக்கை வரவில்லை.