தெற்கிலிருந்து மூன்றாவது புகைபோக்கி

திருவொற்றியூர்,
9.3.2003

அன்புள்ள மகிழினிக்கு,

அப்பா எழுதுவது. நீ கோவா போய்ச் சேர்ந்ததை அம்மா சொன்னாள். இங்கு எல்லோரும் நலம். என் ரத்தக்கொதிப்பும் நலம்.

நேற்று எண்ணூர் மீனவர் கூடத்தில், கடலடியில் நீ எடுத்த படத்தை அதிகாரிகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். அழைப்பில்லாமல் நானும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அவர்கள் கணக்கில் அந்த இடம் வெறும் சேறு. துறைமுகத்துக்காகத் தோண்டியெடுக்கும் மண்ணை அங்கேதான் கொட்டுவதாக இருந்தார்கள். டிவியில் பாறை வந்தது. கடல் விசிறிகள், கடற்பஞ்சு, இடுக்கில் ஒரு களவா மீன். "இன்னா சார், சேறு மூச்சு வுடுது?" என்று யாரோ கேட்க, கூடமே சிரித்தது. உன் வரைபடம் வரும்வரை மண் கொட்டுவதில்லை என்று அதிகாரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் இருந்தவர், யார் வீட்டுப் பெண் என்று கேட்டார். சொன்னேன். அந்தப் பக்கம் இருந்தவருக்கு, அவர் கேட்காமலே சொன்னேன்.

நாலு நாள் உன் கேமரா சேற்றையே காட்டியது. ஐந்தாம் நாள், படகில் உனக்கு வழிகாட்ட வந்த பழைய மீனவர் நீலமேகத்துக்குச் சரியான இடம் தானாக ஞாபகம் வந்ததாக நினைத்திருப்பாய். முந்தின மாலை அவர் நம் வீட்டுக்கு வந்திருந்தார். "உம் பொண்ணு அளுதுகினு கீது சார். மாதா கோயில் கோபுரத்த தெக்கேர்ந்து ரெண்டாவது புகைபோக்கிக்கு நேராத்தான் வெச்சேன். பாறை எங்க பூட்ச்சினே தெரில" என்றார். கரையில் இரண்டு அடையாளங்கள் ஒரே நேர்கோட்டில் தெரியும் இடத்தில் அடியில் பாறை என்பது மீனவர் கணக்கு. அவர் கால் முறிந்து கடலுக்குப் போவதை விட்டது எந்த வருஷம் என்று கேட்டேன். அதற்குப் பிறகு தெற்கே புதிதாக ஒரு புகைபோக்கி எழும்பிவிட்டது. அவருடைய இரண்டாவது, இப்போது மூன்றாவது.

அது எழும்பிய வருஷம் எனக்கு மறக்குமா? என்னைத் தாண்டி என் மாணவனையே துறைத் தலைவராக்கிய வருஷம். வகுப்பு ஜன்னல் வழியே அது உயர்வதைத் தினமும் பார்த்தவன் நான். எதையும் மறக்காத மனுஷன் என்று திட்டுவாயே, அந்தக் குணம் ஒரு நாள் உனக்கு உதவியது.

நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம் என்று அவரிடம் கேட்டுக்கொண்டேன். ஊருக்கு வந்தும் நம் வீட்டுக்கு வராமல் ராயபுரத்தில் தோழி வீட்டில் தங்கியவள், என் பேச்சையா கேட்டிருப்பாய்? கடலடியைப் படமெடுத்தால் சோறு கிடைக்குமா என்று நான் கேட்டதை நீயும் மறக்கவில்லை.

வரைபடத்தில் நீலமேகம் பெயரைப் போடு. என் உழைப்பு வேறொருவர் பெயரில் அச்சானதைப் பார்த்தவன் சொல்கிறேன். எனக்கு நன்றி எதுவும் வேண்டாம். ஆனால் நேற்றுப் போட்ட படத்தின் சி.டி. உறையில் வெறும் மகிழினி என்று இருந்தது. அச்சுக்குப் போகும்போது முன்னால் 'கோ.' சேர்த்துக்கொள். அதிக இடம் பிடிக்காது.

நீ எங்கிருந்தாலும் நன்றாயிருக்க வேண்டும்.

அப்பா,
சு. கோதண்டம்