நாகஜோதி சீருக்கு மிசின் பார்த்தது

பாலவனத்தம்
ஐப்பசி, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் மாரிக்கண்ணனுக்கு அம்மா முனீஸ்வரி எழுதுவது. நானும் அப்பாவும் உன் தங்கச்சி நாகஜோதியும் ஆடு குட்டிகளும் சுகத்துக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவைத் தொட்டேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ ஒன்பது வார்த்தை சொல்லி, சரிம்மா டூட்டி என்று வைத்துவிடுகிறாய், கடிதத்தை நடுவில் கட் பண்ண முடியாது பார். உன் ரூமில் இருக்கும் வீரசோழன் ஊர்க்கார பாய் லீவு முடிந்து புறப்படுகிறார், அவரிடம் சேவும் கருப்பட்டி மிட்டாயும் இதையும் கொடுத்து விடுகிறேன். சேவுப் பொட்டலத்தை அப்புறம் பிரி, எண்ணெய்க் கையோடு தொட்டால் என் எழுத்து இன்னும் கேவலமாகிவிடும், அஞ்சாம் வகுப்போடு நின்ற கை இவ்வளவுதான் எழுதும்.

இங்கே மழை பெய்து கண்மாயில் ஒரு மூலை நனைந்திருக்கிறது, அதைப் பார்த்துவிட்டு உன் அப்பா நெல் போடலாமா என்று கேட்கிறார், பேசாமல் சோளத்தைப் போடுங்கள் என்று சொல்லிவிட்டேன். வெள்ளாடு இரட்டைக் குட்டி போட்டிருக்கிறது, ஒன்றுக்கு உன் மூக்கு. சரி, விஷயத்துக்கு வருகிறேன், நீ ஆன்லைனில் ஆர்டர் போடப்போவதாகச் சொன்னாயே அந்தத் துணி துவைக்கும் மிசின், அதைப் போடாதே. கோபப்படாமல் முழுசாகப் படி.

தை மாதக் கல்யாணத்துக்கு உன் தங்கச்சிக்குச் சீர் வாங்குவதில் கட்டில் பீரோவைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை, அது நின்ற இடத்தில் நிற்கும். மிசின் அப்படியில்லை. பூ வைக்க வந்த அன்றைக்கே மாப்பிள்ளையின் அம்மா சொன்னது உனக்குத் தெரியும், வேலைக்குப் போகட்டும், வீட்டு வேலை பின்தங்காமல் இருந்தால் போதும் என்றார்கள். அதில் தப்புச் சொல்ல முடியாது, நரிக்குடியில் அவர்கள் வீட்டில் இவளையும் சேர்த்தால் ஆறு பேர், எல்லாரும் வயலில் புரண்டுவிட்டு வருகிறவர்கள். அவ்வளவு துணியையும் கல்லில் அடித்துவிட்டு அருப்புக்கோட்டைக்குக் காலை பஸ்ஸைப் பிடிக்க ஒரு பிள்ளையால் ஆகுமா, நாலு நாள் பஸ்ஸை விட்டால் அந்த ரத்தப் பரிசோதனைக் கடையில் வேறு ஆளை வைத்துக்கொள்வார்கள். ஆக இவளுடைய வேலை இவள் படித்த படிப்பில் இல்லை, நாம் கொடுக்கும் மிசினில்தான் இருக்கிறது. அதனால்தான் விலை குறைவான மிசினில் எது நின்று ஓடும் என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நீ நாலரை நட்சத்திரம் நாலரை நட்சத்திரம் என்று ஒரு மாதமாகச் சொல்கிறாய். ஒரு பனியனைத் துவைத்துப் பழக்கமில்லாத நீ மிசினுக்கு நட்சத்திரம் எண்ணுகிறாய், மிச்ச அரை நட்சத்திரம் எங்கே உடைந்து விழுந்தது என்றுகூட நான் கேட்கவில்லை. வாங்கினவர்கள் அதன் கீழே எழுதியிருப்பதை எல்லாம் நாகஜோதியை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். பாதிப் பேர் பெட்டியைப் பிரித்த அன்றைக்கே எழுதியிருக்கிறார்கள், கலர் அழகாக இருக்கிறது, சொன்ன நேரத்துக்கு வந்தது என்று. தாலி கட்டிய அன்றைக்கே மாப்பிள்ளை எப்படி என்று பெண்ணிடம் கேட்டால் என்ன சொல்வாள், அதுபோலத்தான். இந்த உப்புத் தண்ணியில் மூன்று வருஷம் ஓடிய மிசினைப் பற்றி ஒருத்தராவது எழுதியிருக்கிறாரா.

அதனால் நானே கிளம்பினேன். நம் ஊரில் சீராக வந்த மிசின் இல்லாத வீடு குறைவு, கேட்டால் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். கேட்டபிறகுதான் தெரிந்தது, ஒருத்தரும் உண்மை சொல்லமாட்டார்கள். மருமகளைக் கேட்டால் எங்கள் அம்மா வீட்டு மிசின் தங்கமாக ஓடுகிறது என்கிறாள். மாமியாரைக் கேட்டால் என்னத்தை ஓடுகிறது, காலர் அழுக்கு அப்படியே இருக்கிறது என்கிறாள். ஒரே வீடு, ஒரே மிசின். ஒருத்தி தன் தாயைக் காப்பாற்றுகிறாள், இன்னொருத்தி சம்பந்தியைக் குத்துகிறாள், நடுவில் மிசின் நல்லதா கெட்டதா என்று யாருக்கு அக்கறை. ஒரு வீட்டில் மூடியைத் திறந்தேன், உள்ளே நிலக்கடலை. சிரித்துவிட்டு ஒரு கை அள்ளிக்கொண்டு வந்தேன்.

அப்புறம் ஒரு யோசனை வந்தது. மனுசர் வாயைக் கேட்பானேன், வீட்டுக்குப் பின்னால் மிசின் தண்ணி வெளியேறும் குழாயைப் பார்த்தால் போதுமே. குழாய் வாய் காய்ந்து சிலந்தி கூடு கட்டியிருந்தால் மிசின் ஓடவில்லை, ஈரமும் சோப்பு நுரையும் கிடந்தால் ஓடுகிறது. ஒரு வாரம் ஊரில் உள்ள கொல்லைப்புறம் எல்லாம் எட்டிப் பார்த்தேன். உன் அப்பா, நீ எதையாவது திருடி மாட்டிக்கொண்டால் நான் ஜாமீன் எடுக்க வரமாட்டேன் என்றார். பார்த்ததில் தினமும் தவறாமல் ஈரமாக இருந்தது சௌந்தரம் மதினி வீட்டுக் குழாய்தான். அவர் மருமகள் ஜெகதீஸ்வரி கொண்டுவந்த மிசின், விலை குறைந்த ரகம், வந்து ஐந்து வருஷம் ஆகிறது. இதுதான் நம் மிசின் என்று முடிவு பண்ணி, மதினி நூறு நாள் வேலைக்குப் போன நேரமாகப் பார்த்து உள்ளே போய், இது என்ன கம்பெனி ஆத்தா, இந்த உப்புத் தண்ணியிலும் இப்படி உழைக்கிறதே என்று கேட்டேன்.

அந்தப் பிள்ளை முகம் செத்துப்போனது. வாசலை எட்டிப் பார்த்துவிட்டு பாத்ரூமுக்குள் கூட்டிப்போய்க் காட்டினாள். மிசின் நின்று ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறதாம். கதவைச் சாத்திக்கொண்டு கையால் துவைக்கிறாள், அந்தச் சோப்புத் தண்ணியை மிசின் தொட்டியில் ஊற்றித் திறந்துவிடுகிறாள், வெளியே குழாயில் போகிறது. ஏண்டி இப்படி என்றேன்.

"ஓடலைன்னு சொன்னா மிசினையா பேசுவாக, எங்கம்மாவைப் பேசுவாக. சொல்லீராதீக அத்தே" என்றாள்.

விரல் எல்லாம் சோப்பு அரித்து வெளுத்துக் கிடந்தது. உள்ளே எலி வயரைக் கடித்ததோ பெல்ட் அறுந்ததோ, சின்ன ரிப்பேராகக்கூட இருக்கலாம், பின்பக்கத்தை யாரும் திறந்து பார்த்ததே இல்லை. இது உன்னோடு இருக்கட்டும், ஊர்க்காரர்கள் யாரிடமும் மூச்சு விடாதே. அவள் புருஷனிடமாவது சொல்லச் சொல்லியிருக்கிறேன், இன்னும் தைரியம் வரவில்லை, நானும் விடுவதாக இல்லை.

வீட்டுக்கு வந்து ரொம்ப யோசித்தேன். எந்த மிசினும் ஒருநாள் நிற்கத்தான் செய்யும், உப்புத் தண்ணி யாரையும் விடாது. நின்ற அன்றைக்கு நின்றுபோச்சு என்று நாகஜோதி வாய்விட்டுச் சொல்ல முடியுமா, அதைத்தான் நான் பார்க்க வேண்டும், நானோ ஊர்க் குழாயைப் பார்த்துக்கொண்டு திரிந்திருக்கிறேன். அண்ணன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பெரிய மிசின் என்று அது உன் பெயரோடு போய் இறங்கினால், அது நின்றாலும் இவள் சொல்லமாட்டாள், உன்னைக் காப்பாற்றுவாள். உன் பாசத்தை நான் குறை சொல்லவில்லை ராசா, அந்தப் பாசம் அவள் வாயைக் கட்டிவிடும் என்றுதான் சொல்கிறேன்.

அதனால் இந்தப் பக்கத்தில் யாரும் செய்யாததைச் செய்தேன். மாப்பிள்ளை அழகுராஜாவையும் அவர் அம்மாவையும் அருப்புக்கோட்டை டவுனுக்கு வரச்சொல்லி, நீங்களே பார்த்து எடுங்கள் என்றேன். சீர் வாங்கச் சம்பந்தியையா கூட்டிப்போவார்கள் என்று உன் அப்பா பஸ் ஏறும்வரை திட்டினார். கடையில் சம்பந்தியம்மா நேராகப் போய் நின்றது முன்பக்கம் கண்ணாடிக் கதவு வைத்த பெரிய மிசின் முன்னால்தான், அதையே சுற்றிச் சுற்றி வந்தார்கள், நான் அதன் விலைச் சீட்டைத் தேடிப் பார்த்தேன். கடைக்காரப் பிள்ளை அது தானாகத் தண்ணி எடுக்கும், தானாகத் துவைக்கும் என்று அளந்துகொண்டே போனது. சம்பந்தியம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, குழாயில் தண்ணி வராத அன்றைக்குக் குடத்தால் ஊற்றினால் ஏற்றுக்கொள்ளுமா என்று கேட்டார்கள். அந்தப் பிள்ளை முதலாளியைத் திரும்பிப் பார்த்தது. உடனே இந்தப் பக்கம் வந்து, துவைக்க ஒன்று பிழிய ஒன்று என்று இரண்டு தொட்டி வைத்த மிசினில் மூடியைத் தூக்கிப் போட்டுப் பார்த்தார்கள், தொட்டிக்குள் கையை விட்டுத் தடவினார்கள், தகரம் உப்புக்குத் துருப்பிடிக்கும் என்று வெளிக்கூடு பிளாஸ்டிக்கா என்று தட்டினார்கள், அடியில் எலி புகாத வலை கொடுத்தால்தான் ஆச்சு என்று நின்று வாங்கினார்கள். ரிப்பேருக்கு ஆள் நரிக்குடி வரைக்கும் வருவாரா என்றும் கேட்டார்கள், அருப்புக்கோட்டைக்குக் கொண்டுவந்தால்தான் பார்ப்பார்களாம். மாப்பிள்ளையை நான் துவைக்கும் நேரம் வைக்கிற குமிழைத் திருகிப் பார்க்கச் சொன்னேன். இது அவளுக்கா எனக்கா அத்தை என்றார், யார் கை சும்மா இருக்கிறதோ அவர்களுக்கு என்றேன், சம்பந்தியம்மாவே சிரித்துவிட்டார்கள்.

அந்த மிசினுக்கே பணத்தைக் கட்டிவிட்டேன், கல்யாணம் வரைக்கும் கடையிலேயே இருக்கும். பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது மெதுவாகக் கேட்டேன், விலை குறைந்த மிசின்தான், நாளைக்கு நின்றுபோனால் என்ன மதினி செய்வது என்று. அவர்கள் டம்ளரைக் கீழே வைக்காமலே சொன்னார்கள்.

"நான் பாத்து எடுத்த மிசினு, நின்னா எம் மகன் வண்டியில தூக்கிப் போட்டுக் கொண்டாந்து சரி பண்ணட்டும். அதுக்காக உங்க மக பஸ்ஸை விடணுமா?"

டீக்காசை அவர்களையே கொடுக்கவிட்டேன்.

ஆகவே அய்யா, ஆர்டரைப் போடாதே. உனக்குக் கொடுக்க ஆசையாக இருந்தால் தங்கச்சி கைக்கு ஒரு வளையல் எடு, அது ரிப்பேர் ஆகாது. வெயிலில் தலைக்குத் துணி கட்டு, ராத்திரி பரோட்டாவைக் குறை. தை மாத லீவுக்கு இப்போதே எழுதிக் கொடுத்துவிடு, மாப்பிள்ளைக்கு மச்சான் மாலை போட நீதான் நிற்க வேண்டும். நம் குலசாமி உனக்குத் துணையிருக்கட்டும், நீ போகும் இடம் எல்லாம் உனக்குச் சோறும் நல்ல மனுசரும் கிடைக்கட்டும்.

உன் வரவைப் பார்த்திருக்கும் அம்மா,
பா. முனீஸ்வரி