அழாத குழந்தையை யார் கையில் கொடுப்பது

4 மார்ச் 2019, திங்கள்
தாதி வேலையிலிருந்து ஓய்வு பெற்று மூன்று மாதம் ஆகிறது. அசதி மட்டும் ஓய்வு பெறவில்லை. அடிலெய்டிலிருந்து பேய்ப் படம் எடுக்க வந்தவர்கள் இன்று வீட்டுக்கு வந்தார்கள். பழைய சுரங்க மேலாளர் பங்களாவில் கடைசிக் காட்சியாம். அதில் ஒரு பிரசவம். பிரசவம் பார்த்த யாராவது கூடவே நின்று சொல்லித்தர வேண்டுமாம். முப்பத்தெட்டு வருடம் பார்த்தாயிற்று, இன்னும் ஒன்றுதானே என்று ஒத்துக்கொண்டேன்.

6 மார்ச்
கதையைப் படித்தேன். அந்த வீட்டில் பிரசவத்தில் செத்த ஒருத்தியின் ஆவி, புதிதாகக் குடிவந்த கர்ப்பிணியின் வயிற்றில் புகுந்துகொள்கிறது. கடைசியில் குழந்தை அழாமல் பிறக்கிறது. தாய் அதைப் பார்த்து அலறி, கணப்பு நெருப்பில் வீசிவிட்டு ஓடுகிறாள். அதோடு படம் முடிகிறது.

7 மார்ச்
எழுத ஒன்றுமில்லை.

8 மார்ச், வெள்ளி
ஒத்திகை. பகலிலேயே ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி அடித்து இரவாக்கியிருந்தார்கள். உள்ளே வெந்துபோனோம். தாயாக நடிக்கும் டெல்ஃபி ரப்பர் வயிற்றோடு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மெர்ல், நெஜத்துல அழாம பொறந்தா அம்மாங்க கத்துவாங்களா?"

"கத்த மாட்டாங்க. கையில குடுங்கன்னு கேப்பாங்க."

"பயமே இருக்காதா?"

"பயந்துக்கிட்டேதான் கேப்பாங்க."

இயக்குநர் சிரித்தான். "மெர்ல், இது பேய்ப்படம். ஜனங்க வர்றதே பயப்படத்தான்."

டெல்ஃபி விடவில்லை. "கேட்டா நீங்க குடுப்பீங்களா?"

"பின்னாடியெல்லாம் குடுத்தோம். மொதல்ல இல்ல." அதற்கு மேல் அங்கே இருக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

9 மார்ச்
1981. எனக்கு இருபத்திரண்டு வயது, வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். நொரீன் டிப்பெட்டுக்குப் பையன். அழவில்லை, மூச்சே இல்லை. பார்த்தால் தாய்க்கு மறக்காது, சுற்றி உடனே வெளியே கொண்டுபோ என்பதுதான் அப்போதைய வழக்கம். நொரீன் கையை நீட்டி, "ஒரே ஒரு தடவ" என்றாள். நான் திரும்பிப் பார்க்காமல் போனேன்.
ஏன் திரும்பல? டாக்டர் நின்னாருன்னா? நின்னா என்ன? தூக்கிட்டுப் போனது என் கைதானே —
இன்றைக்கும் கடையில் அவளைப் பார்த்தால் வேறு பக்கம் போய்விடுகிறேன். ஒரே ஊர். முப்பத்தெட்டு வருடம்.

12 மார்ச், செவ்வாய்
"நெருப்புல வீசணும்னா வேற ஆளப் பாருங்க" என்று டெல்ஃபி சொல்லிவிட்டாள். இயக்குநர் ஒரு மணி நேரம் தோட்டத்தில் நடந்துவிட்டு வந்து, "சரி, உங்க இஷ்டப்படி ஒரு தடவ எடுத்துப் பாப்போம்" என்றான்.
படத்தில் தெரியும் தாதியின் கைகள் என்னுடையவை. டெல்ஃபி கை நீட்டினாள். கொடுத்தேன். துணியை விலக்கி முகத்தைப் பார்த்தாள், விரல்களைப் பார்த்தாள். பிறகு ஆவியாக நின்ற பெண்ணிடம் நீட்டி, "நீயும் பாத்துக்கோ" என்றாள். அது எழுதிக் கொடுத்த வசனம் இல்லை.
இயக்குநர் கேமராவை நிறுத்தச் சொன்னான். "இதுவே இருக்கட்டும்."

13 மார்ச்
வெறும் ரப்பர் பொம்மை. காலையிலிருந்து இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

17 மார்ச், ஞாயிறு
காலையில் நொரீன் வீட்டுக்குப் போனேன். செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன மெர்ல், வழி தவறிட்டியா?"

"ஒன் பையனப் பத்திச் சொல்ல வந்தேன்."

குழாயை மூடினாள். சொன்னேன். மூன்று கிலோ. கறுப்பு முடி, நிறைய. இடது காது கொஞ்சம் மடிந்திருந்தது. தூங்குவது போல முகம். நான் பார்த்தேன், உன்னைப் பார்க்க விடவில்லை, என்றேன். மன்னிப்பு என்ற வார்த்தை வாயில் வரவில்லை.

அவள் படியில் உட்கார்ந்தாள்.

"ஏதோ கோரமாப் பொறந்திருக்கு, அதான் காட்டலன்னு நெனச்சேன். இத்தன வருஷமா கனவுல அதுக்கு மூஞ்சியே இருக்காது, மெர்ல்."

"இல்ல நொரீன். அழகா இருந்தான்."

அவள் என்னை உள்ளே கூப்பிடவில்லை. போகவும் சொல்லவில்லை.

"இன்னொரு தடவ சொல்லு" என்றாள். "மெதுவா."

பக்கத்தில் உட்கார்ந்து, முடியிலிருந்து ஆரம்பித்தேன்.