வண்டலில் நட்ட காகிதப்பூக் குச்சிகள்

கடியம்,
விநாயக சவிதி கழிந்த வாரம்.

என் செல்ல லோவாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்களும் செடிகளும் மழையில் நனைந்துகொண்டு சுகமாகவே இருக்கிறோம், குவைத் வெயிலில் நீ எப்படி இருக்கிறாயோ என்பதுதான் கவலை. போனில் பேசினால் உன் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார், பேசவும் மாட்டார், எழுந்து போகவும் மாட்டார், அதனால்தான் குவைத்துக்குப் புறப்படும் நூகரத்னம் அத்தை மகளிடம் கோங்குரா ஊறுகாயோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன்.

வெள்ளம் வடிந்த கையோடு அடித்த காற்றில், நீ கண்டெடுத்து வளர்த்த இரண்டு நிறக் காகிதப்பூச் செடி வேரோடு சாய்ந்துவிட்டது. அதுபோல வேறொன்று நம் நர்சரியில் இல்லை, குச்சி வெட்டி நட்டுப் பிழைத்தால்தான் உண்டு. அப்பா வழக்கம்போல கோதாவரி வண்டலை அள்ளி வந்து, தேங்காய் உடைத்து, மஞ்சள் குங்குமம் தூவி, பாதிக் குச்சிகளை அதில் நட்டார். வளர்ந்த செடிக்கு வண்டல் சரி, வேரே இல்லாத குச்சிக்குச் சாப்பாடு எதற்கு, காற்றுதான் வேண்டும் என்று போன லீவில் நீ சொன்னதை ஞாபகப்படுத்தினேன். 'அம்மாவும் மகளும் கோதாவரித் தாயோட மண்ணுக்கே நொட்டை சொல்றீங்களா' என்று துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார். இதே பேச்சில்தானே அன்றைக்கு உன்னோடு பேசுவதையே நிறுத்தினார்.

மீதிக் குச்சிகளைத் தேங்காய் நார்த்தூளில் வைக்கலாமென்று பார்த்தேன், இந்த மழைக்கு அது பிழியப் பிழியத் தண்ணீர் விட்டது, காகிதப்பூவுக்கு அந்த ஈரம் ஆகாதே, அதனால் பருமணலும் சுட்ட உமியும் சரிபாதி கலந்து நட்டுக் கூரைக்கு அடியில் வைத்தேன். இதுவும் போனால் உன் பூ போச்சு என்று தினமும் நாலு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அப்பா நட்டதெல்லாம் அடி கறுத்து நாறிவிட்டது. அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது, இருந்தும் ஒரு வார்த்தை குத்திக்காட்டினேன், மனசு கேட்கவில்லை.

நேற்று காலை என் தொட்டிப் பக்கம் வந்து ஒரு குச்சியைப் பிடித்து மெல்ல இழுத்தார், வரவில்லை. இன்னொன்றும் வேர்ப்பிடியை விடவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனவர் மத்தியானம் ஒரு டிராக்டர் பருமணல் கொண்டுவந்து இறக்கினார். சாப்பிடும்போது, 'குச்சி வேலையை இனி அவளே வந்து பாத்துக்கட்டும், என்னால ஆகல' என்றார். எவள் என்று கேட்டேன், முறைத்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

நீயும் திரும்பி வரத்தான் கேட்டுக்கொண்டிருந்தாய், சங்கராந்திக்கு முன்னால் அங்கே கணக்கு முடித்துக்கொண்டு வந்து சேர். தலுப்புலம்மா உனக்குத் துணையிருக்கட்டும், ஊறுகாயை வெறும் வயிற்றில் சாப்பிடாதே. வெள்ளிக்கிழமை அவரே உனக்குப் போன் போடுவதாக இருக்கிறார். மணல் பேச்சை மட்டும் நீயாக எடுக்காதே அம்மாடி, அவர் வாயாலேயே வரட்டும்.

உன் அம்மா,
மங்கதாயாரு