பாய் சொல்லாத ஒரு வார்த்தை

பாய்,

மழைக்காலம் முழுக்க மூடிக் கிடந்த ஆம்பிளிஃபயரை இன்று போட்டேன். கண்ணாடி வால்வு சூடாகிச் சிவந்ததும் அதன்மேல் படிந்திருந்த தூசி கருகி வாசம் வந்தது. கூடவே உங்கள்மேல் இருந்த பழைய கோபமும் வந்தது.

முன்பக்கம் வால்வு, பின்பக்கம் டிரான்சிஸ்டர் என்று அதைக் கட்டியபோது எனக்குச் சொல்லித்தர யாரும் இல்லை. பழைய ரேடியோக்களைப் பிரித்துப் பிரித்துக் கற்றேன். கனிவு வால்வில் இருந்து வரும், ஸ்பீக்கரை அசைக்கும் பலம் டிரான்சிஸ்டரில் இருந்து வரும் என்பது என் முடிவு. ஒண்டிக்கடை முக்கில் இருந்த உங்கள் ரேடியோ ரிப்பேர் கடைக்குத்தான் முதலில் தூக்கிவந்தேன். ஏற்காட்டில் உங்கள் காதுக்கு மேல் தீர்ப்பு கிடையாது. நீங்களோ மூடியைக் கழற்றி உள்ளே பார்த்ததோடு சரி. போட்டுக்கூடக் கேட்கவில்லை.

"இது கோவேறு கழுதைங்கண்ணா. ஒதைக்கும், குட்டி போடாது."

கடையே சிரித்தது. அதற்குப் பிறகு ஜீப் டிரைவர்கள் என்னைக் கண்டால், "ஏனுங்க, கழுதை பாடுச்சுங்களா?" என்பார்கள். நான் விடவில்லை. "வெள்ளிக்கிழமை கரடியூருக்கு, என்ற ஊட்டுக்கு வாங்க பாய். முழுசாக் கேட்டுப்போட்டு அப்பறம் சொல்லுங்க" என்றேன்.

வந்தீர்கள். தொழுகை முடித்து, பஸ் பிடித்து, வருடக்கணக்கில் வந்தீர்கள். நான் நாதஸ்வர இசைத்தட்டை வைப்பேன். ஸ்பீக்கர் பெட்டியை ஒட்டி நாற்காலியை இழுத்துப் போட்டு, உள்ளங்கையை அதன் பலகைமேல் வைத்துக்கொள்வீர்கள். என் தச்சுவேலையிலும் குறை தேடுகிறீர்கள் என்று எனக்கு எரிச்சல் வரும். தட்டு முடிந்ததும் வால்வுக்கு மேல் கையை நீட்டிக் குளிர் காய்வீர்கள்.

"எப்பிடிங்க பாய் இருக்குது?" இரண்டு முறை உரக்கக் கேட்டால்தான் பதில் வரும். வேண்டுமென்றே செய்கிறீர்கள் என்று நினைத்தேன்.

"சூடு நொம்ப நல்லா இருக்குதுங்கண்ணா."

அவ்வளவுதான். சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த ஒரு வார்த்தைக்காக வால்வை மாற்றினேன், ஸ்பீக்கரை மாற்றினேன். நீங்கள் அதைச் சொல்லாமலே போய்ச் சேர்ந்தீர்கள்.

துக்கம் விசாரிக்க வந்தபோது உங்கள் வீட்டம்மாவிடம் இந்த மனக்குறையை வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். கடைசி வருடங்களில் அந்தம்மா ஏன் கடையிலேயே உட்கார்ந்திருந்தார் என்பது அன்றுதான் தெரிந்தது.

"அவருக்குக் காது போயி நாளாச்சுங்கண்ணா. செட்டு சரியாப் பாடுதான்னு நாந்தான் கேட்டுச் சொல்லுவேன். வெளிய தெரிஞ்சா யாருங்க ரேடியோவக் கொண்டாந்து குடுப்பாங்க?"

"அப்பறம் எதுக்குங்க என்ற ஊட்டுக்கு வந்தாரு?"

"பலகையில கை வெச்சா நாயனம் தெரியுதும்பாரு. நல்லா இருக்குதுன்னு சொல்லிப்போட வேண்டியதுதானேன்னேன். காதுல கேக்காம ஒருக்காக் கழுதைன்னு சொன்னதே போதும்னுட்டாரு."

அன்று பஸ் பிடித்து வந்துவிட்டேன். இப்போது கேட்கிறேன். என்னிடம் சொல்வதற்கு என்ன? ஊருக்கா சொல்லிவிடப் போகிறேன்? சத்தத்தைக் கூட்டி வைத்திருப்பேனே. இந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை, தீரவும் வேண்டாம்.

உங்கள் நாற்காலியில் உட்கார்ந்துதான் இன்று கேட்டேன். பெட்டியின்மேல் நானும் கை வைத்தேன். நாயனம் உள்ளங்கையில் ஏறியது. உங்கள் கை பட்டுப் பட்டு அந்த இடத்தில் வார்னிஷ் போயிருக்கிறது. போன கோடையில் பெட்டி முழுக்கப் புதிதாக வார்னிஷ் அடித்தேன். அந்த இடத்தில் மட்டும் அடிக்கவில்லை.